அடுத்த மாதம் இல்லாத சீட்டு

கபடி விதிகளில் ஒரு பத்தி இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கான வாதம்.

ஒரு நாக்-அவுட் ஆட்டம் முழு நேரமும் முடிந்து சமனில் நிற்கிறது. டை-பிரேக்கர் என்று ஆளுக்கு ஐந்து ரைடு கொடுக்கிறார்கள். அதுவரை சரி. ஐந்துக்கு ஐந்து, யாருக்கும் கூடக் குறைய இல்லை. அதிலும் சமன் என்றால் ‘கோல்டன் ரைடு’. புதிதாக டாஸ் போடுவார்கள். டாஸ் ஜெயித்த அணிக்கு ரைடு. அந்த ரைடில் முன்னிலைப் புள்ளி விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. விழாவிட்டால்தான் எதிரணிக்கு ரைடு போகும் வாய்ப்பு. அதாவது டாஸ் தோற்ற அணி, தன்னுடைய மிகச் சிறந்த ரைடரைக் கோட்டோரம் நிற்க வைத்து வேடிக்கை பார்க்கச் சொல்லிவிட்டு, தோற்று வீட்டுக்குப் போகலாம். அதுவும் விதிப்படி.

ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். டை-பிரேக்கர் கட்டத்தில் பாக் லைனே போனஸ் கோடாகவும் கணக்கில் வருகிறது. ஆண்கள் கபடியில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர். வழக்கமான போனஸ் கோடு அதற்கும் ஒரு மீட்டர் உள்ளே. ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ரைடருக்குச் சாதகமாக ஒரு மீட்டரைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சாதகம் யாருக்கு என்பதைக் காசைச் சுண்டித் தீர்மானிக்கிறார்கள். பூவா தலையா என்பது சின்ன விஷயம் இல்லை. விதியை எழுதியவர்களே அதைப் பெரிய விஷயமாக்கி வைத்திருக்கிறார்கள்.

“அட, ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி சான்ஸ்தானே, இதுல என்ன அநியாயம்?” என்று கேட்பார்கள். எப்போதும் முதலில் வரும் கேள்வி இதுதான். இதற்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த ஒர்க் ஷாப்பிலும் பதில் கிடைக்கும். அங்கே சீட்டு போடாத ஆள் குறைவு. சீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று குலுக்கல் சீட்டு. இருபது பேர், இருபது மாதம், மாதா மாதம் பெயர் எழுதிக் குலுக்கி ஒருவருக்குப் பணம். இதில் அதிர்ஷ்டம் இருக்கிறது, அநியாயம் இல்லை. ஏன்? இந்த மாதம் விழாதவனுக்கு அடுத்த மாதம், இல்லாவிட்டால் அதற்கடுத்த மாதம் விழும். இருபதாவது மாதம் முடியும்போது இருபது பேரும் எடுத்திருப்பார்கள். குலுக்கலை நியாயமாக்குவது அந்த அடுத்த மாதம்தான்.

ஃபைனலுக்கு அடுத்த மாதம் கிடையாது. ஒரே குலுக்கல், ஒருவனுக்கு மொத்தப் பணம், மற்றவனுக்குக் கைதட்டல். இப்படி ஒரு சீட்டை யாராவது நடத்தினால் அந்தத் தெருவில் இருக்க விடுவோமா?

சில நண்பர்கள் உத்திரமேரூர் வரை போவார்கள். முதலாம் பராந்தகன் காலத்திலேயே குடவோலை இருந்ததே, குலுக்கல் நம் மரபல்லவா என்று. இருந்தது. ஆனால் அந்தக் கல்வெட்டுகளை ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே குடத்தில் ஓலை போடுவதற்கு முன்பே நிலம், வயது, கல்வி, நடத்தை என்று தகுதிகள் பார்க்கப்பட்டன. பதவியும் ஒரு வருடத்துக்குத்தான். தகுதியுள்ள பலருக்குள் ஒரு பொறுப்பை யார் இந்த வருடம் சுமப்பது என்று முடிவுசெய்யக் குலுக்கல் நல்ல வழி. இருவரில் யார் வென்றார் என்று முடிவுசெய்ய அது வழியே இல்லை. வெற்றி என்பது முறை வைத்துச் சுமக்கும் பொறுப்பல்ல.

இந்த நோயை முற்றிய நிலையில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. புரிந்துகொள்ளக் கபடி தெரிந்தால் போதும். ஒரு நேரத்தில் ஓர் அணி தாக்கும், மற்றது தடுக்கும். பந்து யாரிடமோ அவர்களுடைய ரைடு. அவர்களுடைய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில் 1974 முதல் லீக் ஆட்டங்களுக்கும் ‘சடன் டெத்’ ஓவர்டைம் இருந்தது. டாஸ் போடு, யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. காலப்போக்கில் உதைப்பவர்களின் திறமை கூடி, மிகத் தொலைவிலிருந்தே மூன்று புள்ளி அடிக்க ஆரம்பித்தார்கள். டாஸ் ஜெயித்தவன் கொஞ்ச தூரம் பந்தை நகர்த்தினால் போதும் என்று ஆனது. நம் பாக் லைன் கதைதான்.

2010-ல் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கும், 2012-ல் எல்லா ஆட்டங்களுக்கும் ஒரு ஒட்டுப் போட்டார்கள். முதலில் தாக்கும் அணி வெறும் மூன்று புள்ளி எடுத்தால் எதிரணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. முழு டச்-டவுன் எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பாதி நியாயம். பாதி நியாயம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு அடுத்து நடந்தவை நல்ல பாடம்.

2019 ஜனவரியில் கன்சாஸ் சிட்டி அணி நியூ இங்கிலாந்திடம் ஓவர்டைமில் தோற்றது. அவர்களுடைய நட்சத்திரம் பேட்ரிக் மஹோம்ஸின் கைக்கு ஓவர்டைமில் பந்தே வரவில்லை. அந்த வருடமே கன்சாஸ் சிட்டி நிர்வாகம், இரு அணிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தது. ஏற்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 2022 ஜனவரி 23. அதே கன்சாஸ் சிட்டி, எதிரே பஃபலோ. கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரு அணியும் சேர்ந்து 25 புள்ளிகள் எடுத்து 36-36. டாஸ். பஃபலோவின் ஜோஷ் ஆலன் ‘டெயில்ஸ்’ கேட்டார். விழுந்தது ‘ஹெட்ஸ்’. கன்சாஸ் சிட்டி நேராகப் போய் டச்-டவுன் எடுத்து 42-36 என்று முடித்தது. அன்று இரவு முழுக்க யாராலும் தடுக்க முடியாமல் ஆடிய ஆலன், ஓவர்டைமில் பந்தைத் தொடவே இல்லை. விதி தப்பு என்று மூன்று வருடம் முன்பு புகார் சொன்னவர்களுக்கே அந்த விதி ஜெயித்துக் கொடுத்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருக்கிற விதியில்தானே ஆட முடியும்.

அந்த சீசனோடு கணக்குப் பார்த்தார்கள். பாதித் திருத்தத்துக்குப் பிறகு நடந்த 12 பிளே-ஆஃப் ஓவர்டைம்களில் 10-ஐ டாஸ் ஜெயித்த அணியே வென்றிருந்தது. அவற்றில் 7-ல் எதிரணிக்குப் பந்தே கிடைக்கவில்லை. பன்னிரண்டு ஆட்டம் என்பது சின்னக் கணக்குதான் என்று புள்ளியியல் படித்தவர்கள் சொல்வார்கள். சரி. ஆனால் அந்த ஏழு அணிகளுக்குப் பந்து கிடைக்கவில்லை என்பதற்குப் புள்ளியியல் தேவையில்லை. 2022 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 29-க்கு 3 என்று வாக்களித்து, பிளே-ஆஃப்களில் இரு அணிக்கும் கட்டாயம் ஒரு வாய்ப்பு என்று மாற்றினார்கள். 2025-ல் லீக் ஆட்டங்களுக்கும் அது வந்துவிட்டது. 2024 பிப்ரவரி சூப்பர் பௌலில் புதிய விதி முதல்முறையாகச் சோதிக்கப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோ டாஸ் ஜெயித்து, பந்தை முதலில் வாங்கி, மூன்று புள்ளி எடுத்தது. கன்சாஸ் சிட்டி பதிலுக்கு டச்-டவுன் எடுத்து 25-22 என்று வென்றது. இந்த முறை இரண்டு பேரும் ஆடி முடித்த பிறகுதான் கோப்பை யாருக்கு என்று தெரிந்தது.

அமெரிக்காக்காரன் ஐம்பது வருடம் உதைபட்டுக் கற்றுக்கொண்டதை, நாம் இலவசமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ளவில்லை. பெயரைக்கூடப் பார்த்து வைக்கவில்லை. கால்பந்தில் ‘கோல்டன் கோல்’ என்று ஒன்று இருந்தது. 1998, 2002 உலகக் கோப்பைகளில் ஆடிப் பார்த்தார்கள். இரு அணியும் பயந்து பயந்து ஆடுகின்றன என்று 2004-ல் கைவிட்டார்கள். இத்தனைக்கும் கோல்டன் கோலில் இரண்டு அணியும் ஒரே நேரத்தில் களத்தில் பந்துக்காகப் போராடலாம். அந்த நியாயம்கூட இல்லாத ஒன்றுக்கு, கால்பந்து தூக்கிப்போட்ட பெயரைப் பொறுக்கி வந்து கபடி சூட்டியிருக்கிறது.

இதில் கிரிக்கெட்டைப் பாராட்ட வேண்டிய நிலை வந்திருக்கிறது. எனக்கே ஆச்சரியம்தான். சமனை உடைப்பதில் கிரிக்கெட் செய்யாத கோமாளித்தனம் இல்லை. 2007-ல் டர்பனில் இந்தியாவும் பாகிஸ்தானும் 141-க்குச் சமனானபோது பேட்ஸ்மேனே இல்லாத ஸ்டம்பை நோக்கி இருவரும் பந்து வீசினார்கள். இந்தியா 3-0. ஜெயித்தது நாம் என்பதால் அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. 2019 ஜூலை 14, லார்ட்ஸில் நியூஸிலாந்தும் இங்கிலாந்தும் 241-க்குச் சமன். சூப்பர் ஓவரும் 15-க்கு 15. கடைசியில் பவுண்டரிகளை எண்ணி, 26-க்கு 17 என்று இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையைக் கொடுத்தார்கள். ஓடி எடுத்த ரன்னுக்கு மதிப்புக் குறைவு என்று ஆட்டம் முடிந்த பிறகு சொன்னது போல இருந்தது. உலகமே சிரித்தது. மூன்று மாதத்தில் ஐ.சி.சி விதியை மாற்றியது: நாக்-அவுட்டில் முடிவு தெரியும்வரை சூப்பர் ஓவர். 2020 அக்டோபரில் துபாயில் மும்பையும் பஞ்சாபும் இரண்டு சூப்பர் ஓவர் ஆடியது பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் சூப்பர் ஓவரில் நான் மெச்சுவது வேறு ஒன்று. அதில் யார் முதலில் பேட் செய்வது என்பதற்கு டாஸ் இல்லை. ஆட்டத்தில் இரண்டாவதாக பேட் செய்த அணி சூப்பர் ஓவரில் முதலில் பேட் செய்ய வேண்டும். இலக்கு தெரிந்து ஆடும் வசதி ஒருமுறை உனக்கு இருந்தது, இப்போது அது அவனுக்கு. அடுத்த சூப்பர் ஓவர் என்றால் மறுபடி மாறும். இதற்குப் பணம் செலவில்லை, தொழில்நுட்பம் தேவையில்லை, ஒரு வரி விதி போதும். கபடி விதியை எழுதியவர்களுக்கு இந்த ஒரு வரி ஏன் தோன்றவில்லை என்பதுதான் என் கேள்வி.

எல்லாவற்றையும்விட நன்றாக இதை யோசித்தவர்கள் செஸ்காரர்கள். அதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா 2023 உலகக் கோப்பையில் அர்ஜுன் எரிகைசியைக் காலிறுதியில் வென்றது, ரேபிட், பிளிட்ஸ் என்று டை-பிரேக்கை முழுக்க இழுத்துச் சடன் டெத் வரை போய். அதற்கு முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ஆட்டம்: ஒருமுறை உனக்கு வெள்ளை, ஒருமுறை எனக்கு. முதல் நகர்த்தலின் சாதகம் இருவருக்கும் சம அளவில் கிடைத்த பிறகுதான் யார் மேல் என்ற கேள்வியே வரும். 2025 பிப்ரவரியில் விக்கான் ஜீயில் அவரும் உலக சாம்பியன் குகேஷும் 8.5 புள்ளிகளில் சமனாகி பிளிட்ஸ் ஆடினார்கள். முதல் ஆட்டம் குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு, மூன்றாவதில் பிரக்ஞானந்தாவுக்குப் பட்டம். இரண்டு சென்னைப் பையன்களில் ஒருவன் அன்று தோற்றான். ஆனால் ‘எனக்கு ஆடக் கிடைக்கவில்லை’ என்று சொல்லும்படி தோற்கவில்லை.

ஒரே ஆட்டத்தில் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடிக்கும் செஸ்ஸில் வழி இருக்கிறது. ‘ஆர்மகெடன்’ என்பார்கள். வெள்ளைக்கு நேரம் அதிகம். கறுப்புக்கு நேரம் குறைவு, ஆனால் டிரா செய்தாலே வெற்றி. எவ்வளவு குறைவு என்பதை யார் சொல்வது? 2010 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் அதை ஆட்டக்காரர்களிடமே விட்டார்கள். வெள்ளைக்கு 60 நிமிடம். கறுப்பை எடுக்க எத்தனை நிமிடம் போதும் என்று இருவரும் ரகசியமாக எழுதிக் கொடுக்க வேண்டும். குறைவாகக் கேட்டவருக்குக் கறுப்பு. கட்டா காம்ஸ்கி 25 நிமிடம் போதும் என்று எழுதினார், கறுப்பை எடுத்தார், டிரா செய்து பட்டம் வென்றார். எதிரே ஆடிய ஷுல்மன் எதையும் குறை சொல்ல முடியாது. அவரும்தான் எழுதிக் கொடுத்தார்.

இது என்னவென்று நமக்குத் தெரியாதா? இதுதான் ஏலச்சீட்டு! அவசரமாகப் பணம் வேண்டியவன் தள்ளிக் கேட்கிறான். எவன் அதிகம் தள்ளுகிறானோ அவனுக்கு இந்த மாதம் சீட்டு. கொடுத்த விலையை அவனே தீர்மானித்ததால் அழுகை இல்லை. என்.எஃப்.எல்லிலும் பால்டிமோர் அணி 2021-ல் இதன் தம்பியைக் கொண்டுவந்தது: பந்தை எந்த இடத்தில் வைப்பது என்று ஓர் அணி சொல்லட்டும், தாக்குவதா தடுப்பதா என்று மற்ற அணி தேர்ந்தெடுக்கட்டும் என்றது. அதை ஏற்கவில்லை. ஒரு முறுக்கை இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்து “நீ உடை, அவன் எடுத்துக்கட்டும்” என்று சொல்லும் எந்த அம்மாவுக்கும் தெரிந்த நியாயம் அது. கோடிக்கணக்கான டாலர் புழங்கும் இடத்தில் எடுபடவில்லை.

கபடிக்கு வருவோம். நான் கேட்பது மூன்று.

முதலாவது, லீக் ஆட்டங்களில் சமனைச் சமனாகவே விடுங்கள். புரோ கபடி 2025-ல், 12-ஆவது சீசனில், லீக் ஆட்டங்களுக்கும் டை-பிரேக்கரைக் கொண்டுவந்துவிட்டது. சமன் என்றால் ஏதோ வியாதி போல. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ‘டை’ ஆனது. டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த ஆட்டம். கடைசி விக்கெட்டாக மணிந்தர் சிங் விழுந்ததும் நடுவில் போய் ஒரு காசைச் சுண்டி முடித்திருந்தால், நாற்பது வருடம் கழித்து அதைப் பற்றி யார் பேசுவார்கள்? சிலசமயம் ‘இருவரும் சமம்’ என்பதுதான் உண்மை. அதைச் சொல்லத் தைரியம் வேண்டும்.

இரண்டாவது, நாக்-அவுட்டில் ஐந்து ரைடுக்குப் பிறகும் சமன் என்றால், ஜோடி ஜோடியாக ரைடு கொடுங்கள். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இருவரும் போய் வந்த பிறகே எண்ணிக்கை. பெனால்டி ஷூட்-அவுட்டில் ஐந்துக்குப் பிறகு நடப்பது அதுதான். ஒவ்வொரு ஜோடிக்கும் முறை மாற்றிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, ‘அதுக்கெல்லாம் நேரமில்லை, ஒரே ரைடில் முடியணும்’ என்றால், ஏலம் விடுங்கள். ஒரு ரைடுக்கு 30 விநாடி. இரண்டு கேப்டன்களும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும்: எத்தனை விநாடியில் போய்ப் புள்ளியோடு திரும்புவோம் என்று. குறைவாக எழுதியவனுக்கு ரைடு. முன்னிலைப் புள்ளி எடுத்தால் அவன் வென்றான், எடுக்காவிட்டால் தடுத்தவன் வென்றான். ஒரே எண் வந்தால் மறுபடி எழுதட்டும். டாஸ் காசைத் தேடும் நேரத்தில் இது முடிந்துவிடும். பாக் லைன் சாதகம் எத்தனை விநாடிக்குச் சமம் என்று சங்கத்தில் உட்கார்ந்து யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. களத்தில் நிற்பவர்களே விலை சொல்வார்கள்.

‘அதிர்ஷ்டமும் ஆட்டத்தில் ஒரு பகுதிதானே சார்’ என்பது மிச்சமிருக்கும் வாதம். ஆமாம். மேட்டில் கால் வழுக்கும், நடுவர் கண்ணுக்கு ஒரு தொடுகை தப்பும், முக்கியமான ஆளுக்கு அன்று காய்ச்சல் வரும். அதெல்லாம் தானாக வரும் அதிர்ஷ்டம், தாங்கிக்கொள்ளலாம். விதிப்புத்தகத்தில் எழுதிவைத்து வரவழைக்கும் அதிர்ஷ்டம் வேறு. மழை பெய்து கூரை ஒழுகுவதும், கூரையில் நாமே ஓட்டை போடுவதும் ஒன்றா?

இது டிவி கபடியின் பிரச்சினை, நமக்கென்ன என்று விடவும் முடியாது. டிவியில் வருவதுதான் ரூல் என்று ஆகிவிட்டது. ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு பக்கம் பொங்கலை ஒட்டி ட்யூப் லைட் கட்டி விடியவிடிய நடக்கும் போட்டிகளில் இரவு இரண்டு மணிக்குச் செமி-ஃபைனல் சமனானால், கமிட்டிக்காரர் பாக்கெட்டிலிருந்து ஐந்து ரூபாய்க் காசை எடுக்கிறார். இனி அவருக்கு “புரோ கபடியிலேயே டாஸ்தானே” என்று ஒரு சமாதானமும் கிடைத்துவிட்டது. அந்தக் களத்தில் நிற்கும் பையன் பகலில் ஏதாவது ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவனாக இருப்பான். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று போகும்போது சான்றிதழில் முதலிடமா இரண்டாமிடமா என்பது அவனுக்குக் கோப்பை விஷயம் இல்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வரிசையில் ஒரு படி மேலே நிற்பதற்கும் கீழே நிற்பதற்கும் நடுவில் ஒரு வேலை, ஒரு குடும்பம் இருக்கலாம். அந்த இடத்தில் போய்க் காசைச் சுண்டுகிறோம்.

நம் ஆட்டம் என்று சடுகுடுவைப் பற்றி மேடையில் பேசுகிறோம். அந்த ஆட்டத்தின் அடிப்படையே, மூச்சுப் பிடித்து எதிரி மண்ணுக்குள் தனியாகப் போய் வருவதுதான். ஒருவனை அந்த மண்ணுக்குள் போகவே விடாமல், நீ தோற்றுவிட்டாய் என்று அறிவிக்கும் விதி கபடியின் விதியாக இருக்க முடியாது. தோற்பவன் ரைடு போய்விட்டுத் தோற்கட்டும்.